கணினி அறிவியலைப் பாடமாகக் கொள்ளல்

பத்தாம் வகுப்பினைக் கடந்த மாணாக்கர், இன்ன பாடத்தைக் கற்பேம், இன்னதை விடுப்பேம் என்று துணியும் காலம் மிகச் சிறிது. அதன் பயனோ நெடிது. நம் தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் மேனிலைக் கல்வி ஏற்பட்டது முதல், இத்துணிவு ஏறத்தாழப் பதினைந்து வயதிலேயே வேண்டப்படுகின்றது. கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் மூன்றோடு நான்காவதாக உயிரியலைக் கொள்வதா, கணினி அறிவியலைக் கொள்வதா என்பது பலர்க்கும் எழும் வினா. அதுபற்றிச் சில கூறப் புகுந்தோம்.

கணினி அறிவியலாவது யாது? பொறியை இயக்கப் பழகுதலும் தட்டச்சிடுதலுமே அதுவெனச் சிலர் எண்ணுவர். அன்று, ஒரு செயலைப் பிழையற முடித்தற்கு வேண்டிய படிகளை முறைப்பட வகுத்தலே அதன் உயிர்நிலை. ஓர் உதாரணம் காட்டுவோம். அகர வரிசையில் எழுதப்பட்ட 1,000 பெயருள் ஒன்றைத் தேடுவோன், முதலிலிருந்து ஒவ்வொன்றாய் நோக்கின், 1,000 முறையும் நோக்க நேரலாம். அவனே நடுப்பெயரை முதற்கண் நோக்கி, தான் தேடுவது அதற்கு முன்னதோ பின்னதோ என்றறிந்து, வேண்டாத பாதியை விலக்கி, எஞ்சியதன் நடுவை மீண்டும் நோக்குவானாயின், 10 முறைக்குள் முடிவு காண்பான். பெயர்கள் 10 இலட்சமாயினும் 20 முறை அமையும். இதனை இருமத் தேடல் என்பர். பொறியின் விரைவினும் நெறியின் செம்மையே பெரிதென்பது இதனாற் புலனாகும்.

2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பாடநூல்கள் 11-ஆம் வகுப்பிற்கு சி பிளஸ் பிளஸ் மொழியையும், 12-ஆம் வகுப்பிற்குப் பைத்தான் மொழியையும் வகுத்தன. இம்மொழிகள் காலந்தோறும் மாறும், நெறியோ நிலைபெறும். ஆதலின், மொழியின் பெயர் கேட்டு மயங்குதல் வேண்டா.

இனி, நீக்கத்தக்க அச்சம் ஒன்றுண்டு. பள்ளியில் இப்பாடத்தைக் கல்லாதார் கல்லூரியில் கணினிப் பொறியியல் பயிலல் இயலாதென்பர். இது மெய்யன்று. நம் மாநிலப் பொறியியற் சேர்க்கையின் தரவரிசைக்கு அடிப்படையான 200 மதிப்பெண்ணில், கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, இரசாயனத்திற்கு 50 என்பதே கணக்கு. ஆகவே, உயிரியலில் உள்ளம் தோய்ந்தோன் இவ்வச்சத்தால் அதனைக் கைவிடல் வேண்டுவதில்லை. மற்று, மருத்துவத்தை நாடுவோன் உயிரியலை விடுத்துக் கணினியைக் கொள்வனேல், தன் வழியைத் தானே அரிதாக்கிக் கொண்டவனாவான்.

அங்ஙனமாயின் இதனைக் கொள்ளத்தக்கார் யாவர்? புதிர்களை விடுவிப்பதில் இன்புறுவோரும், தாம் எழுதிய நிரல் பிழைபட்டவிடத்துச் சினவாது, வரிவரியாய் ஆராய்ந்து திருத்தும் பொறுமை யுடையோருமே யாவர். தம் பள்ளியில் ஆய்வகமும் அதனைப் பயிற்றும் ஆசிரியரும் உளரோ என வினவி யறிதலும் முறையாம்.

மாணாக்க நண்பர்காள்! அயலார் கொண்டார் என்பதனாலும், ஊதியம் மிகும் என்னும் கேள்வியாலும் ஒரு பாடத்தைப் பற்றற்க. பெற்றோரும் தம் மக்களின் உள்ளச்சார்பினை உசாவி யறிந்து துணைபுரிவாராக. விரும்பிக் கற்றதே நிலைக்கும். நிலைத்த கல்வியே பயன்படும்.