கோப்பைக் காப்பதும் தகவலைக் கொடுப்பதும்: பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வழிகாட்டி

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கேட்பவரின் உரிமையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கொடுக்க வேண்டியவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருபவர்கள் குறைவு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஊராட்சி ஒன்றியத்திலோ நகராட்சியிலோ புதிதாகப் பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பை ஏற்பவருக்காகவும், அவருக்குக் கோப்பு எடுத்துத் தரும் பிரிவு உதவியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பதிவறையிலிருந்து தொடங்குங்கள்

ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, கேட்டால் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் 4ஆம் பிரிவு அலுவலகத்தின் மேல் வைக்கும் முதல் கடமை. மனு, கட்டணம், 30 நாள் கெடு எல்லாம் அதற்குப் பிந்திய பிரிவுகளில் வருகின்றன. கோப்பு கிடைக்காத அலுவலகத்தில் எவ்வளவு நேர்மையான அலுவலர் இருந்தாலும் பதில் கொடுக்க முடியாது.

கோப்பு முடிந்ததும் அதற்கு முடிவு வகை குறிக்கிறோம். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். வேலை நெருக்கடியில் பலர் இந்த எழுத்துகளைக் கை போன போக்கில் போட்டுவிடுகிறார்கள். ஒரு பட்டா மேல்முறையீட்டு ஆணைக்கு மூ.மு. என்று குறித்துவிட்டால், நான்காம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் நில உரிமைக்கான சான்று முறைப்படியே கழித்துக் கட்டப்பட்டுவிடும். யாருடைய நிலமோ ஓய்வூதியமோ பணிமூப்போ இந்தக் கோப்பை நம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், துறையின் காலவரையறைப் பட்டியலைப் புரட்டாமல் முடிவு வகையில் சுருக்கொப்பம் இடாதீர்கள்.

காலம் முடிந்த கோப்பையும் சும்மா அள்ளிப் போட முடியாது. பட்டியல் எடுத்து, உரிய அலுவலரின் ஆணை பெற்று, அழித்த நாளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இன்னொன்று மிக முக்கியம்: ஒரு கோப்பைப் பற்றி மனுவோ மேல்முறையீடோ வழக்கோ நிலுவையில் இருந்தால், காலம் முடிந்திருந்தாலும் அதைத் தொடக்கூடாது. கேட்கப்பட்ட தகவலை அழிப்பது 20ஆம் பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட குற்றம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் பொருந்தும். விதிகளை மீறி ஆவணத்தை அழித்தால் 5 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அது.

மாறுதலில் போகும்போது, கையில் உள்ள கோப்புகளின் பட்டியலை எழுதி, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கோப்புகள் பெரும்பாலும் தொலைவது இந்த இடைவெளியில்தான்.

கைபேசியில் வரும் உத்தரவுகளும் அலுவலக ஆவணமே. சட்டத்தின் 2ஆம் பிரிவு மின்னஞ்சலையும் மின்னணு வடிவில் உள்ள எதையும் தகவல் என்றே சேர்த்துச் சொல்கிறது. மேலதிகாரி வாட்ஸ்அப்பில் சொன்னதை வைத்து ஒரு முடிவு எடுத்தால், அன்றே அலுவலகக் குறிப்பில் அதை எழுதி, அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள். வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது ஊழியரைக் காப்பதற்காகத்தான். பின்னால் விசாரணை வரும்போது எழுதி வைத்தவர் தப்புவார். நம்பி நடந்தவர் மாட்டுவார்.

மனு வந்த நாளில்

கெடு உங்கள் மேசைக்கு மனு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. அலுவலகத்தில் பெற்ற நாளிலிருந்து 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதென்றால் 48 மணி நேரம். ஆகவே தபால் பிரிவில் நாள் முத்திரை விழுந்ததும் அன்றே உங்களிடம் வர ஏற்பாடு செய்யுங்கள். தனியாக ஒரு பதிவேடு போட்டு, பெற்ற நாள், கெடு நாள், எந்தப் பிரிவு, பதில் போன நாள் ஆகியவற்றை எழுதுங்கள்.

தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பாதி உங்களிடம், பாதி வேறிடத்தில் என்றால் அந்தப் பாதியை மட்டும் மாற்றலாம். ‘இது எங்களுக்குரியதல்ல’ என்று மனுவைத் திருப்பி அனுப்புவது தவறு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கவும் சட்டம் இடம் தரவில்லை.

கோப்பு வேறொருவரிடம் இருந்தால் 5(4) பிரிவின்படி எழுத்தில் உதவி கேளுங்கள். அவர் தரத் தவறினால், அந்தத் தவறுக்கு அவரே பொதுத் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். நீங்கள் எழுதிய குறிப்பும் அதில் அவர் இட்ட ஒப்பமும்தான் உங்கள் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் நகல் கட்டணம் சாதாரண ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கங்களை எண்ணி, கணக்குக் காட்டி, கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதம் போன நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை கெடுவில் சேராது. 30 நாளைத் தவறவிட்டால் எத்தனை நூறு பக்கமானாலும் இலவசமாகவே கொடுக்க வேண்டும்.

கோப்பு கிடைக்கவில்லை என்றால்

‘கோப்பு கண்டறிய இயலவில்லை’ என்ற ஒரே வரிப் பதில் மனுதாரரை ஏமாற்றுவது என்றே நான் கருதுகிறேன். 8ஆம் பிரிவில் விலக்குகள் வரிசையாக உள்ளன. அவற்றில் காணாமல் போன கோப்பு இல்லை. விஷ்வாஸ் பம்பூர்க்கர் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு காலத்தில் இருந்த தகவலை இப்போது காணவில்லை என்று சொல்லி ஒதுங்க முடியாது, முழுமையாகத் தேடி, தொலைத்தவர் யார் என்று பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும்.

தன்பதிவேட்டில் ந.க. எண்ணைப் பிடித்து, கோப்பு கடைசியாக யாரிடம் போனது என்று பாருங்கள். பதிவறையில் எடுப்புச் சீட்டு இருக்கிறதா, மேல் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ அரசு வழக்கறிஞருக்கோ போயிற்றா, அழிப்புப் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மறு படி இருந்தால் அதிலிருந்து நகல் பெறுங்கள். முறைப்படி அழித்திருந்தால் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையே பதிலாகக் கொடுங்கள். அது நேர்மையான பதில்.

மறுக்க வேண்டியதை மறுப்பது

சிபிஎஸ்இ எதிர் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இல்லாத தகவலை உருவாக்கிக் கொடுக்கவோ கருத்துச் சொல்லவோ நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல. இருப்பதை மறுக்க மட்டும் பிரிவும் காரணமும் வேண்டும். ‘விசாரணை நடக்கிறது’ என்பது காரணமாகாது. இந்த நகலைக் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று சொல்ல வேண்டும். தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜெ) கூறை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றி, விலக்கை விரிவாக்கியிருக்கிறது. இது ஊழல் தகவல்களை மறைக்கும் போர்வையாகிவிடக்கூடாது. பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதை எடைபோட்டு, கோப்பில் எழுதிய பிறகே மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

ஒரு பக்கத்தில் இரண்டு வரி மட்டும் விலக்குக்கு உட்பட்டது என்றால், 10ஆம் பிரிவின்படி அந்த வரிகளை மறைத்து மீதியைக் கொடுங்கள். மூன்றாம் நபர் நம்பிக்கையின் பேரில் தந்த தகவல் என்றால் 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு, பதிலளிக்க அவருக்கு 10 நாள், 40 நாளுக்குள் உங்கள் முடிவு. அவருடைய ஆட்சேபம் கேட்கப்பட வேண்டியது, முடிவு உங்களுடையது.

பதில் கடிதத்தில் கேள்விக்கு நேராகப் பதில் இருக்கட்டும். மறுப்பு என்றால் மேல்முறையீட்டு அலுவலரின் பதவி, முகவரி, 30 நாள் அவகாசம் மூன்றையும் எழுதுங்கள். அனுப்பிய தபால் ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள்.

தகவல் ஆணையத்தின் முன் மறுப்பு சரி என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போகும். அதைக் கட்ட வேண்டியவர் அலுவலர்தான், அலுவலகம் அல்ல. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவருக்கோ 21ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தயங்கி நிற்கும் இடத்தில் கொடுக்கும் பக்கமே சாயுங்கள். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் பதிவறை எழுத்தரோடு அரை நாள் உட்கார்ந்து, அவரிடமுள்ள பட்டியலை அலமாரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.