ஐப்பசி அடைமழைக்கு முன் ஆர்மோனியத்துக்கு ஒரு பை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பஜனைகள். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி. அதே வாரங்களில் தேவாலயப் பாடகர் குழுக்கள் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிடும். ஆக, ஆர்மோனியம் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகும் காலமும் மழை கொட்டும் காலமும் நம் ஊரில் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பை வாங்கலாமா, கேஸ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே முடிவு செய்யுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் தைத்துக் கொடுக்க ஆள் கிடைக்காது.

கடையில் முதலில் ஃபோமின் தடிமனைத்தான் காட்டுவார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். அழுத்திப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அடிபடாமல் காப்பது பையின் பாதி வேலைதான். மழைக்காலத்தில் ஆர்மோனியத்தைக் கெடுப்பது ஈரம். அதிலும் வெளியே பெய்யும் மழையைவிட, நாமே உள்ளே வைத்து ஜிப் போட்டுப் பூட்டும் ஈரம்தான் அதிகம் கெடுக்கும்.

உள்ளே இருப்பவற்றை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மரப்பலகை ஈரத்தை வாங்கி உப்பும். பக்கத்துக் கட்டையோடு உரசி, அழுத்திய கட்டை மேலே எழும்பாமல் நிற்கும். கட்டைக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட்டும் தோலும் பூஞ்சை பிடிக்கும். துருத்தியின் மடிப்புகளைப் பிடித்திருக்கும் பசை விட்டுக்கொடுக்கும். பித்தளை ரீடுகளில் களிம்பு ஏறும். ரீட்டின் நுனியில் ஒரு பொட்டு களிம்பு ஒட்டினாலே எடை கூடிச் சுருதி இறங்கிவிடும். அது மழை முடிந்து தை மாதத்தில், பக்கத்தில் ஒருவர் வயலின் வாசிக்கும்போதுதான் காதில் விழும்.

பை வாங்கும் முன் அளவெடுங்கள். துருத்தியை மூடி, கொக்கியை மாட்டி, மேல் மூடியைப் போட்ட பிறகு எடுக்கும் அளவே சரியான அளவு. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாப் குமிழ்களையும் சேர்த்து அளக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பை முன்பக்கம் இறுகி, ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது குமிழ் ஒடிகிறது. ஆர்மோனியத்தில் முதலில் உடையும் பாகம் எப்போதும் அதுதான். பைக்குள் குமிழ்களுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். பாரம் மரச்சட்டத்தின் மேல் தாங்க வேண்டும், குமிழின் மேல் அல்ல. மற்றப் பக்கங்களில் ஆட்டமே இருக்கக்கூடாது.

ஃபோமில் இரண்டு ரகம் உண்டு. மெத்தைக்குப் போடும் பஞ்சு போன்ற ரகம் தண்ணீரை உறிஞ்சிவிட்டு நாள்கணக்கில் விடாது. யோகா பாய் ரகத்தில் தண்ணீர் மேலேயே முத்தாக நிற்கும். கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, குடிநீர் பாட்டிலில் இருந்து நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அந்தப் பை கோடைக்கு ஆகும், ஐப்பசிக்கு ஆகாது. மேல்துணியில் ரெக்சினைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வாங்கும்போது பளபளப்பாக இருக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கண்டதும் உரிந்து, கறுப்புச் செதில்களாகக் கட்டைகளுக்கு நடுவே விழும். கனமான நைலானோ கான்வாஸோ மேல். ஜிப் இரும்பாக வேண்டாம், துரு பிடிக்கும். ஜிப்பின் மேல் மடங்கி விழும் ஒரு பட்டைத் துணியும் இருக்க வேண்டும். பைக்குள் மழை புகுவது பெரும்பாலும் ஜிப் வழியாகவும் அடித்தையல் வழியாகவும்தான். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதி ஒட்டியிருந்தாலும் அடித்தையலைத் திருப்பிப் பாருங்கள். ஊசித் துளைகள் வெறுமனே தெரிந்தால், அந்த ஒட்டுத்தாளுக்கு அர்த்தம் இல்லை.

கடையில் உங்கள் அளவு கிடைக்காவிட்டால் கார் சீட் கவர் தைப்பவரிடம் போங்கள். கனமான துணி, ஃபோம், வலுவான தையல் எல்லாம் அவருக்கு அன்றாட வேலை. வாத்தியத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டித் தைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிப் பட்டை பையின் பக்கவாட்டில் முடிந்துவிடாமல் அடிப்பாகத்தைச் சுற்றி வர வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மூன்றரை ஸ்தாயி ஆர்மோனியம் ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ. ஸ்கேல் சேஞ்சர் என்றால் 15 கிலோவைத் தாண்டக்கூடும். அந்தப் பாரத்தைப் பக்கத் தையல் அதிக நாள் தாங்காது.

ஒட்டுப்பலகைக் கேஸ் யாருக்கு? ரயிலிலும் வேனிலும் மற்றச் சாமான்களோடு அடுக்கி அனுப்புகிறவர்களுக்கு, விமானத்தில் போகிறவர்களுக்கு. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் வரம்பு என்பதால் ஆர்மோனியம் சரக்கறைக்குத்தான் போகும். அங்கே துணிப்பை ஒன்றுக்கும் உதவாது. ஊருக்குள் ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் போய் வருகிறவர்கள் கேஸ் வாங்கினால் முதுகு வலிதான் மிச்சம். தகர டிரங்குப் பெட்டியை மட்டும் மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். குளிர்ந்த இரவில் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் வாத்தியத்தின் மேலேயே சொட்டும். இடைவெளியை அடைக்கத் தெர்மோகோலையும் நுழைக்காதீர்கள். அது பொடிந்தால் ரீடு வரை போகும்.

ஆர்மோனியத்தின் தூரத்து உறவான கான்சர்டினாவிடம் இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சார்லஸ் வீட்ஸ்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும், இரு கைக்குள் அடங்கும் அந்த ஆங்கிலேய வாத்தியத்தைப் பழைய காலத்தில் அறுகோணப் பெட்டியில் ஒருபக்கத்தை அடியாக வைத்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் ரீடுகளின் ஒருபக்கத்துத் தோல் வால்வுகள் சதா தொங்கிக்கொண்டே இருந்து சுருண்டுவிடும். அதனால் இப்போது விவரமறிந்த கலைஞர்கள், வாசிக்கும்போது இருக்கும் வாக்கிலேயே வாத்தியம் கிடக்கும்படியும், துருத்தி விரியாதபடி இருபுறமும் கட்டைகள் அணைத்துப் பிடிக்கும்படியும் செய்த கேஸைத்தான் தேடி வாங்குகிறார்கள். நமக்கும் அதுவே விதி. துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் கல்கத்தாவில் கால்மிதியை நீக்கி, துருத்தியைப் பின்பக்கம் கொண்டுவந்த நாளிலிருந்து ஆர்மோனியம் தரையில் படிந்து உட்காரும் வாத்தியம். பயணத்திலும் அப்படியே இருக்கட்டும். பக்கவாட்டில் நிறுத்தியோ கவிழ்த்தோ வைத்தால் அடியில் தங்கிய தூசி ரீடுகளுக்கு வரும். சூட்கேஸ் போல மடங்கும் மாடல் மட்டும் விதிவிலக்கு. நிறுத்தித் தூக்குவதற்கென்றே செய்தது அது.

பைக்குள் வைக்கும் முன் எல்லா ஸ்டாப்பையும் உள்ளே தள்ளி மூடுங்கள். ஸ்கேல் சேஞ்சர் என்றால் கட்டை வரிசையை அதன் சொந்த இடத்துக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள்.

ஸ்கூட்டரில் கால்வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் ஆர்மோனியம் பயணம் செய்கிறது. அங்கே மழை மேலிருந்து வருவதைவிட முன்சக்கரத்திலிருந்து சேறாகத் தெறிப்பது அதிகம். ஆகவே உறை இரண்டு வேண்டும். கனமான பாலித்தீனை அடியில் விரித்து, நாலு பக்கமும் நாலு விரல் உயரத்துக்கு மடக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து போடும் மழையுறை அதன் வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். உட்பக்கமாக இறங்கினால் வழிகிற தண்ணீர் முழுவதும் அடியில் தேங்கி, ஆர்மோனியம் தொட்டிக்குள் உட்கார்ந்ததாகிவிடும்.

ஏசி அரங்கிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பித்தளையின் மேல் வெளியே இருக்கும் ஈரக்காற்று பட்டால் மூக்குக்கண்ணாடியில் படிவதுபோல நீர் படியும். அரைமணி நேரம் மூடியே வைத்துவிட்டுத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை. காலை ஐந்தரைக்கு வீதி பஜனை என்றால் ஐந்து மணிக்கே போய்ச் சேருங்கள்.

வீதி பஜனைக்குப் பை மட்டும் போதாது. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழிதோறும் முன்னின்று நடத்திய பஜனையின் வழியில் இன்றும் பல ஊர்களில் கோஷ்டிகள் சுற்றி வருகின்றன. கழுத்தில் தொங்கவிட்டு வாசிக்கிறவர்கள் பட்டையை மாட்டும் வளையத்தின் திருகாணிகளை இப்போதே இறுக்கிப் பாருங்கள். ஈரமரத்தில் அவை தளரும். மேல்பலகையின் ஜாலி வழியாகப் பனி இறங்காமல் ஒரு பருத்தித் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஐயப்ப பஜனைப் பந்தலில் பிரச்சினை வேறு. விபூதியும் கற்பூரப் புகையும் காற்றோடு துருத்திக்குள் இழுபடும். தீபாராதனை நேரத்தில் வாசிப்பு இல்லையென்றால் ஸ்டாப்பை மூடி, மூடியையும் போட்டுவிடுங்கள். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு கட்டையைத் தொட வேண்டாம் என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும், பின்னாலேயே கரப்பான் வரும். கரப்பானுக்குப் பசையும் பிடிக்கும். ஈர ஜமக்காளத்தின் மேல் நேராக வைக்காமல் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்வதுதான் முக்கியம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஆர்மோனியத்தை வெளியே எடுத்துவிட்டுப் படுங்கள். பையைத் திறந்து, உட்பக்கம் வெளியே வரும்படி மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். ஆர்மோனியத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள். தரையில் வேண்டாம். 2015-லும் 2023-லும் டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நினைவில் வைத்தால் போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும் வேண்டாம். நல்ல மூடியுள்ள கேஸ் வைத்திருப்பவர்கள் மட்டும், கேஸும் வாத்தியமும் காய்ந்த பிறகு, சிலிகா ஜெல் போட்டு உள்ளேயே வைக்கலாம். நிறம் மாறும் ஆரஞ்சு ரகமாக வாங்குங்கள். நீல ரகத்தில் இருக்கும் கோபால்ட் உப்பு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதல்ல. நிறம் மாறிவிட்டால் மணிகளைச் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் கொட்டி இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். துணியில் அரிசி கட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அரிசிக்கு வண்டு வரும், வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு நனைந்துவிட்டால்? வாசித்துப் பார்க்காதீர்கள். துருத்தியை இழுத்தால் ஈரம் உள்ளே ஏறும். மேல்பலகையைக் கழற்றி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். வெயிலிலும் ஹேர் ட்ரையரிலும் காய வைத்தால் பலகை வளைந்து, பசை வெடிக்கும். காய்ந்ததும் எல்லா ஸ்டாப்பையும் மூடிவிட்டுத் துருத்தியை மெதுவாக அடியுங்கள். சில அடிகளில் கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். காற்று சுலபமாகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கோ மடிப்பு விட்டிருக்கிறது. ரீட்டில் களிம்பு தெரிந்தாலும் பிளேடை எடுத்துச் சுரண்டாதீர்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கார்த்திகை முதல் வாரத்தில் அவர் கடையில் ஆர்மோனியங்கள் வரிசையில் காத்திருக்கும். துருத்தியில் ஏற்கெனவே கசிவு இருப்பவர்கள், பைக்கு அளவெடுக்கக் கிளம்பும் இந்த வாரத்திலேயே அவரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.