வயர் கூடை: கைப்பழக்கத்துக்கு ஏற்ற பின்னல் எது?

காலையில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வண்டிகளைப் பாருங்கள். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலும் வைத்த வயர் கூடை பல பெண்களின் கையில் இருக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை போட்ட பிறகு, பரணில் கிடந்த கூடைகள் கடைத்தெருவுக்கும் திரும்பி வந்தன. கூடவே பின்னக் கற்கும் ஆசையும் வந்தது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே சிவன் கண் கூடையில் கை வைத்து, அடி போடும்போதே சலித்துப் பாதியில் போட்டுவிடுகிறார்கள். ஒரு கூடைக்கு ஒரு புதுப் பாடம் என்று வைத்துக்கொண்டால் அந்தச் சலிப்பு வராது. அதற்கான குறிப்புகள் இவை.

1. முதல் பின்னல் கூடையாக இருக்க வேண்டாம். சாதா முடிச்சில் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக ஒரு துண்டு பின்னுங்கள். இதில் ஒரு நேரத்தில் இரண்டு வயர்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் சின்னச் சதுரமாக உட்காரும். இரண்டு வயருக்கும் இரண்டு நிறம் எடுங்கள். எந்த வயர் எதற்குள் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், தப்பைப் பிரிப்பதும் எளிது. எல்லாச் சதுரமும் ஒரே அளவில் விழும்வரை பிரித்துப் பிரித்துப் பின்னலாம். முடிந்த துண்டைப் பூந்தொட்டிக்கு அடியில் விரிக்கலாம். சூடான பாத்திரம் மட்டும் வைக்கக் கூடாது, இளகிவிடும்.

2. இரண்டாவதாகச் சாப்பாட்டுக் கூடை. அளவைப் புத்தகத்திலோ வீடியோவிலோ தேடாதீர்கள். உங்கள் வீட்டுத் தூக்குவாளிதான் அளவு. பின்னி வைத்த துண்டின் மேல் வாளியை வைத்து, அடிக்கு எத்தனை முடிச்சு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் நிற்க இடம் விட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சு கூட்டினால் போதும். இந்தக் கூடையில் புதிதாகக் கற்க வேண்டியது மூலை திரும்புவது ஒன்றுதான். அடி முடிந்து சுவர் எழும்பும் அந்த நான்கு மூலையிலும் வயரைத் தளர விட்டால் கூடை சாய்ந்து நிற்கும். முதல் சுற்று முழுவதையும் மெதுவாக, ஒவ்வொரு முடிச்சையும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே பின்னுங்கள். அந்தச் சுற்று நேராக வந்துவிட்டால் மேலே வருவதெல்லாம் தானாக நேராக வரும். சுவர் வாளியின் கழுத்து உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் எடுத்து வைக்கத்தான் சிரமம்.

3. வயர் எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். ஒரு முழம் வயரில் எத்தனை முடிச்சு விழுகிறது என்று ஒருமுறை பின்னிப் பாருங்கள். இறுக்கிப் பின்னும் கைக்கும் தளரப் பின்னும் கைக்கும் இந்த எண்ணிக்கை மாறும். மொத்த முடிச்சை அந்த எண்ணால் வகுத்து, ஓரம் செருகவும் கைப்பிடிக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். ஒரே நிறத்தை ஒரே நாளில் வாங்குவது முக்கியம். அடுத்த மாதம் வாங்கும் பச்சை, இந்த மாதப் பச்சையோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

4. சாதா முடிச்சிலேயே நிறத்தை மாற்றி எத்தனையோ மாதிரி கொண்டுவரலாம். புது முடிச்சு கற்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன், கொண்டாட்டமே இதில்தான் இருக்கிறது. மேல்நோக்கிப் போகும் வயர்களில் நிறம் மாற்றினால் நெடுங்கோடு. சுற்றி ஓடும் வயரில் மாற்றினால் குறுக்குக்கோடு. இரண்டிலும் மாற்றினால் கட்டம். சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டிக்கும் நோட்டுக்கும் நம் வீடுகளில் பஞ்சமில்லை. பழைய கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு என்று வைத்து, கலர் பென்சிலால் வரைந்து பாருங்கள். புள்ளிக் கோலம் போடப் பழகிய கைக்கு இது நொடியில் பிடிபடும். முதலில் இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள். நான்கைந்து நிறம் கலந்தால் தப்பு எங்கே என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

5. சதுரம் ஒரே சீராக விழ ஆரம்பித்த பிறகு சிவன் கண்ணுக்குப் போகலாம். பின்னலில் கண் போன்ற வடிவம் தெரிவதால் அந்தப் பெயர். எல்லாக் கண்ணும் ஒரே அளவில் இருந்தால்தான் அழகு. அதனால் பெரிய கூடையில் தொடங்காமல், செல்போன் பை அளவில் ஒன்று முடித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

6. நெல்லிக்காய் பின்னல் கை தேர்ந்தவர்களுக்கு. முடிச்சு உருண்டு உப்பி நிற்கும், வயரும் அதிகம் பிடிக்கும். ஆனால் தினசரி ஆலைக்கு எடுத்துப்போக இது வேண்டாம் என்பது என் கருத்து. பண்டம் கொண்டுபோகவும், சீர் கொடுக்கவும், இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் பொங்கல் வைக்கச் சாமான் எடுத்துப்போகவும் பொருத்தமான கூடை அது.

7. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வயரைக் குட்டையாக வெட்டிக்கொடுங்கள். நீளமான வயர் முறுக்கிச் சிக்கினால் அழுகையில் முடியும். பார்வை மங்கிய பெரியவர்களுக்குக் கறுப்பும் கருநீலமும் ஆகாது. மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு கொடுங்கள்.

8. வயர் விறைப்பாக இருந்தால் சற்று நேரம் வெயிலில் போட்டு எடுத்தால் வளையும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் வேண்டாம். அதே வெயிலில் பின்னிய கூடையை நாள் கணக்கில் விட்டால் நிறம் வெளுத்து, வயர் நொறுங்க ஆரம்பிக்கும். கழுவிய கூடையை நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

9. ஆலை வேலை முடிந்து வந்ததும் அதே கையோடு, அதே உடையோடு பின்னலில் உட்கார வேண்டாம். மருந்துத்தூள் படிந்த கை கூடையில் பட்டு, நாளை சாப்பாட்டுக்கும் போகும். சோப்புப் போட்டுக் கைகழுவி, உடை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் நாட்களும், காயவைக்க வெயில் இல்லாமல் வேலை நின்றுபோகும் மழை நாட்களும் பெரிய கூடைக்குத் தோதானவை. அந்த நாட்களில் கைச்செலவுக்காகத் திருட்டுத்தனமாகப் பட்டாசுக் கருந்திரியைச் சுற்ற வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கூடையில் கிடைக்கும் காசு குறைவுதான்; ஆனாலும் கூடையை நம்பி வீட்டுக்குள் வைக்கலாம்.

10. கம்பளி நூலில் பின்ன ஆசை இருந்தால் அதிலும் இதே வழிதான். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் பின்னல் மாதிரிகளை அடிப்படை, எளிது, நடுத்தரம், சிக்கல் என நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. மாதிரி வாங்கும்போது இந்தப் படியைப் பார்த்து எடுங்கள். ஆனால் விருதுநகர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் ஓடும் மாவட்டம் இது. பருத்தி நூலில் குரோஷாவில் கைத்துடைப்பு, மேசைவிரிப்பு பின்னுங்கள். உடுத்தும் பொருள் என்றால் கட்டாயம் பருத்திதான். அக்ரிலிக் நூல் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பட்டாசு வேலையில் செயற்கை இழை உடை கூடாது என்பதற்கு, நிலைமின்சாரம் உண்டாகிப் பொறி கிளம்பும் என்பதும் ஒரு காரணம்.

11. எந்த மாதிரியானாலும் கைப்பிடியை அவசரமாக முடிக்காதீர்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் முடிச்சுகளை எண்ணி, நடுவில் சமமாகப் பிடி வரும்படி பாருங்கள். ஒரு முடிச்சு தள்ளினாலும் தூக்கும்போது வாளி சாயும். வயர் நுனிகளை உள்பக்கம் இரண்டு மூன்று முடிச்சுக்குள் செருகி இழுத்த பிறகே வெட்டுங்கள். பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கூடையில் வைத்து, வாசலில் நாலு நடை நடந்து பாருங்கள். பிடி நெகிழ்ந்தால் அன்றைக்கே பிரித்து இறுக்குவது சுலபம்.