அட்வான்ஸுக்கு முன் தெர்மாமீட்டர்

கல்வராயன் மலையில் பன்றி வாங்கி விற்கும் தொழிலில் இறங்குகிறீர்களா? வண்டி பேசுவதற்கு முன் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் அட்டை போட்ட ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள்.

வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ ஒரு பட்டிக்குப் போனதும் விலை பேச ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தீனி கொட்டியும் எழுந்து வராத பன்றி, குளிரில் நடுங்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கும் குட்டிகள், சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கும் காது, அடிவயிறு என்று எது கண்ணில் பட்டாலும் அந்தப் பட்டியில் எதையும் வாங்க வேண்டாம். துறுதுறுவென்று ஓடுகிற குட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். பன்றிக்கு இயல்பான சூடு 102 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். துரத்திப் பிடித்த படபடப்பில் கொஞ்சம் ஏறும். அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 104-ஐத் தாண்டி நின்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்புங்கள். கிளம்பும்போது அந்த வீட்டாரிடம் 1962-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், கால்நடை மருத்துவ உதவிக்கான எண் அது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தான் நம் தொழிலின் பெரிய பயம். 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தது. 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடிப் பண்ணைகளில் தெரிந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. நம் மலையிலும் காட்டுப்பன்றி உண்டு, பட்டிக்கும் காட்டுக்கும் நடுவே பல ஊர்களில் வேலி கிடையாது. இந்த நோய் மனிதரைத் தொற்றாது. பன்றியைத் தொற்றினால் பெரும்பாலும் சாவுதான். மருந்தும் இல்லை, இங்கே போடுவதற்குத் தடுப்பூசியும் இல்லை.

கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்ற பழைய பன்றிக் காய்ச்சல் வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்ட தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அறிகுறி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு அனுபவப்பட்ட டாக்டரும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ரத்தம் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்தால்தான் தெரியும். வயநாட்டில் எடுத்த மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு கால்நடை நோய் ஆய்வகம் வரை போய்த்தான் நோய் உறுதியானது. சந்தேகம் வந்தால் கால்நடை மருந்தகத்தில் ரத்த மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், முடிவு வரும்வரை பட்டியில் உள்ள எதையும் நகர்த்தாதீர்கள்.

வண்டியில் ஏற்றக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று கட்டாயம். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் பன்றிக்கென்று 2001-ல் தனிப்பகுதி சேர்த்தார்கள். பயணத்துக்குத் தகுதி, தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் பெயரும் முகவரியும், எத்தனை பன்றி என்பதும் சரக்கோடு சிவப்பு எழுத்தில் போக வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தச் சான்று அன்றைக்குப் பார்த்த நிலையைச் சொல்வது. ஆப்பிரிக்கக் காய்ச்சல் உள்ளே இருந்து வெளியே தெரிய நான்கு நாளும் ஆகலாம், பத்தொன்பது நாளும் ஆகலாம். சான்று சொல்லாததை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

நோட்டில் ஒரு குட்டிக்கு ஒரு வரி. பன்னிரண்டு குட்டியை ஒரே வரியில் எழுதுவது பிறகு எதற்கும் உதவாது. வரி இப்படி இருக்கட்டும்: வாங்கிய தேதி, விற்றவர் பெயர், ஊர், போன், கிடாவா பொட்டையா, நிறம், உத்தேச எடை, காது வில்லையின் 12 இலக்க எண், வில்லை இல்லையென்றால் காதில் போட்ட வெட்டுக்குறி, அன்றைய சூடு, தடுப்பூசித் தேதி, சான்று எண், வண்டி எண், யாருக்கு எப்போது விற்றது. கடைசியாக ஒரு கட்டம், ‘என்ன தின்று வளர்ந்தது’ என்று. ஓட்டல் கழிவு என்று பதில் வந்தால் வட்டம் போட்டு வையுங்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் இறைச்சித் துண்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வேகவைக்காத எச்சில் சாப்பாடு வழியாகத்தான் பல இடங்களில் பட்டிக்குள் நுழைந்திருக்கிறது. பிரிட்டனில் 2001-ல் கோமாரி பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டி வந்தபோது, தொடக்கம் எச்சில் தீனி போட்ட ஒரு பன்றிப் பண்ணைதான் என்று கண்டார்கள். அதற்குள் வியாபாரிகள் கைமாற்றிய ஆடுகள் வழியாக நோய் நாடெங்கும் போய்விட்டிருந்தது. இன்று அங்கே ஒரு பண்ணைக்குள் புதுப் பன்றி வந்தால் 20 நாளைக்கு அங்கிருந்து பன்றிகளை வேறு பண்ணைக்கு விற்று அனுப்பப் பொதுவாக முடியாது. நீங்களும் புதிதாக வந்ததைப் பழையதோடு கலக்காமல் மூன்று வாரமாவது தனிக் கொட்டிலில் வையுங்கள். ஒரு மாதம் என்றால் இன்னும் நிம்மதி.

ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளைக் கொன்று புதைப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குக் கிடையாது. அரசு கொல்லும் பன்றிக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசு வகுத்த கணக்கில் 15 கிலோ வரை 2,200 ரூபாய், 40 கிலோ வரை 5,800, 70 கிலோ வரை 8,400, 100 கிலோ வரை 12,000. முன்பே தானாகச் செத்ததற்குக் கிடையாது. முதல் சாவை மறைத்தவர் மீதிப் பன்றியின் பணத்தையும் சேர்த்துத்தான் இழக்கிறார். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தேகம் வந்ததுமே வி.ஏ.ஓ.விடமோ ஊராட்சியிலோ சொல்வது கால்நடை வைத்திருப்பவரின் கடமை. செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், ரத்தம் முழுக்க வைரஸ். ஓடையில் தள்ளவும் கூடாது. அது கோமுகி போன்ற ஆறுகளுக்குத்தான் இறங்கி வரும்.

கடைசி வேலை வண்டி. குட்டி யானையின் தளத்தில் சாணம் ஒட்டியிருக்கும்போது மருந்து அடித்துப் பயனில்லை. முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பலகை இடுக்கெல்லாம் துடைப்பத்தால் தேயுங்கள், பிறகு இரண்டு சதவீத காஸ்டிக் சோடா கரைசல். கையில் உறை கட்டாயம், தோலை அரித்துவிடும். அரை மணி ஊறவிட்டு, கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். செருப்பையும் கயிற்றையும் அதே கரைசலில் முக்கி எடுத்துவிட்டு, கழுவிய தேதியை நோட்டில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு கச்சிராயபாளையம் வழியாக மறுபடி மலை ஏறுங்கள்.