பழைய இரும்பில் கத்தி செய்யப் போகிறவனுக்கு

தம்பி, புத்தூர் வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஓர் உலை வைத்து, காயலான் கடை இரும்பில் கத்தியும் உளியும் செய்யப் போவதாகச் சொன்னாய். செய். சம்மட்டி பிடிக்கிற விதம் நாள்பட நாள்பட உன் கைக்குத் தானே வந்துவிடும். தானாக வராத சிலது உண்டு. அவற்றை மட்டும் எழுதித் தருகிறேன்.

1. தெரியாத இரும்புக்கு நீயாகப் பேர் வைக்காதே. கடைக்காரர் "நல்ல ஸ்டீல்" என்பார். எடைக்கு விற்கிறவருக்கு எல்லாமே நல்ல ஸ்டீல்தான். லாரி வில்பட்டை, தேய்ந்த அரம், பேரிங் வளையம், மர மில்லின் பட்டை வாள் ஆகியவை பெரும்பாலும் பதம் ஏறும். வீடு கட்டும் முறுக்குக் கம்பியையும் ஜன்னல் கிராதியையும் எத்தனை முறை காய்ச்சினாலும் வாய் நிற்காது. ஓரத்தில் ஒரு விரல் அளவு வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் தட்டு. வளைந்தால் அதை வேலிக்கு வைத்துக்கொள். பளிச்சென்று ஒடிந்து, உடைந்த இடம் நயமான சாம்பல் மணலாக இருந்தால் அது உனக்கு. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி, அறுபது வயதிலும் இந்தத் துண்டை ஒடித்துப் பார்க்காமல் ஒரு வெட்டுக்கத்திக்கும் விலை சொன்னதில்லை. யாராவது கேட்டால் "இன்னும் தெரியவில்லை" என்பார். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டும் நான் பார்த்ததில்லை.

2. வழி தெரியாத இரும்பைத் தொடாதே. பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிற ஊர் இது. தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தால் பட்டடைக்கு அதைவிட நல்லது இல்லை என்று உனக்கு ஆசை வரும். ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில்தான் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்கு. சாக்கில் சுற்றி இருட்டில் கொண்டுவருகிறவன் பாதி விலை சொல்வான். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடு, திருட்டு இரும்பின் மேல் வைத்து அடித்த உளியை ஆயுத பூஜையன்று எந்த முகத்தோடு சாமி முன்னால் வைப்பாய்?

3. வில்பட்டையை வாங்கியவுடன் உலைக்குள் தள்ளாதே. அது ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கி, குழி விழுந்த ரோட்டில் அடிபட்டு ஓய்ந்தது. மயிரிழை விரிசல் உள்ளே இருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவு, கொஞ்ச நேரம் ஊறவிடு, நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் பூசு. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து கோடு காட்டும். கோடு தெரிந்த இடத்தை வெட்டி எறி. கால் ரூபாய் சாக்பீஸுக்குச் சோம்பியவர்கள் செய்த அரிவாள் நாலாம் வெட்டில் இரண்டாகிப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று எதிரில் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

4. சின்னதில் தொடங்கு. வருகிறவன் எல்லாம் முதல் நாளே திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கத்தான் ஆசைப்படுகிறான். அந்த ஊர்க்காரர்களும் லாரி வில்பட்டையில்தான் அடிக்கிறார்கள். ஆனால் அப்பனும் பாட்டனும் அடித்த பட்டறை அது. நீ பழைய அரம் ஒன்றை எடுத்துக்கொள். அதில் கரிச்சத்து நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். பதம் நன்றாகப் பிடிக்கும். பல்லை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு அடி. ஒரு பல்லின் பள்ளம் மிச்சமிருந்தாலும் அங்கேதான் விரிசல் பிறக்கும். தச்சன் பலகையில் கோடு கிழிக்கிற கத்தி ஒன்று செய். விரல் நீளம்தான். அதில் அடித்தல், தேய்த்தல், தோய்ச்சல், சாணை எல்லாம் அடங்கிவிடும். கெட்டுப்போனால் நஷ்டம் ஒரு டீக்காசு.

5. தோய்ச்சல் விடும் நேரத்தில் உலகத்தை மற. இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வெயில் தாழ்ந்த பிறகு செய். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும். கரி சீராகக் கனிந்திருக்கட்டும். சீமைக் கருவேலங்கரி போதும். காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. அதற்குமேல் இன்னும் ஒரு சுற்று நிறம் ஏறட்டும், அவ்வளவே. ஆசைப்பட்டு வெள்ளைச் சூடு ஏற்றினால் உள்மணி பருத்து, கத்தி பிஸ்கட்டாகிவிடும். நாட்டுக் கொல்லர் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார்கள். அது பழகிய கை. நீ இளஞ்சூடான எண்ணெயில் நேராக இறக்கு, பக்கவாட்டில் ஆட்டாதே, கத்தி கோணிப்போகும்.

வெளியே எடுத்ததும் பாதி வேலைதான் முடிந்தது. எங்கள் ஆசாரி இந்த இடத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் அவர் உலையை விட்டு எழவில்லை. வீட்டில் அதற்காக ஒரு மாதம் பேச்சு வாங்கினார். தோய்ச்சல் மட்டும் விட்ட அலகு கீழே விழுந்தாலே உடையும். கல்லில் தேய்த்து வெள்ளையாக்கு. முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடு ஏற்று. முதலில் வைக்கோல் நிறம் ஓடிவரும். இழைப்புளி அலகுக்கு அதோடு நிறுத்து. கொட்டாப்புளியால் அடிபடுகிற உளிக்குப் பழுப்பு வரை விடு. வாய்ச்சிக்கும் கோடரிக்கும் கத்திரிப்பூ நிறம். நீலம் வந்தால் வில்லுக்குத்தான் ஆகும், வெட்டுக்கு ஆகாது. வைக்கோலிலிருந்து நீலத்துக்கு 70, 80 டிகிரிதான் தூரம். அரை நிமிடம் ஃபோனைப் பார்த்தால் தாண்டிவிடும்.

6. புத்தூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற தைரியத்தில் வேலை செய்யாதே. கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகாதே. பருத்தித் துணி கட்டு; நைலான் சட்டையில் பொறி விழுந்தால் தோலோடு ஒட்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை உலையில் வைக்காதே; அந்தப் புகை இரவில் குளிர்க்காய்ச்சலாக வந்து நிற்கும்.

7. பிடி போடும்போது பிடிக்கப்போகிற கையை நினை. கருவேலம் நல்லது, புளியும் நல்லது. எதுவானாலும் ஈரம் முழுக்க வற்றியிருக்க வேண்டும். காம்பைச் சூடாக்கி அரக்கு வைத்து இறக்கு, பழைய பித்தளைக் குழாயில் ஒரு பூண் வெட்டி மாட்டு. அதற்கு முன்னால், வாங்குகிறவரின் கையை ஒரு தரம் பார். ஸ்ரீரங்கத்துத் தச்சர் ஒருவர் உளிப் பிடியைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பிடியே சொல்ல வேண்டுமாம். அவருக்கு உளி செய்துகொடுத்த பட்டறையில், முழு உருளையாகக் கடைந்த பிடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவினார்கள். அதன்பிறகு அந்தப் பட்டறையில் எல்லா உளிக்கும் அப்படித்தான். வாடிக்கையாளர் குறை சொன்னால் முதலில் கேட்டுக்கொள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

8. யாருக்குச் செய்கிறாய் என்று கேள். வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் அல்லாத கத்தி, அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினால் ஆயுதச் சட்டத்தின் கணக்கில் வரும். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர் பேரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னது. சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. தேங்காய் வெட்டவா, கருவை வெட்டவா என்று கேட்டால் நல்லவர் பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்கி, கையில் வீசிப் பார்க்கிறவனுக்கு "வேலை அதிகம், அடுத்த மாதம் வா" என்று சொல்லிவிடு. அந்தப் பொய் ஒன்றை நான் உனக்கு அனுமதிக்கிறேன்.

9. உன் பேரை அடி. 19ஆம் நூற்றாண்டில் சேலத்து அருணாசலம் செய்த வேட்டைக் கத்திகளில் அவர் பேரும் ஊரும் பொறித்திருக்கும். இன்றும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீ புத்தூர் என்று ஊரைப் போட வேண்டாம், சின்னதாக ஓர் எழுத்து போதும். ஆனால் முதல் வருஷம் அடிக்காதே. பூணில் ஆட்டம் இருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று உனக்கே சந்தேகம் உள்ள சாமானில் எழுத்து வேண்டாம்.

10. திரும்பி வருகிற கத்தியைக் காசு வாங்காமல் சாணை பிடித்துக் கொடு. கொடுக்கும் முன் வாயை விளக்கில் காட்டிப் பார். பல் பல்லாக உதிர்ந்திருந்தால் பதம் கூடிப்போயிற்று. அடுத்ததில் நிறத்தை ஒரு படி கூடுதலாக ஓடவிடு. வாய் மடிந்திருந்தால் சூடு அதிகமாக ஏற்றிவிட்டாய், அல்லது தோய்ச்சலே பிடிக்கவில்லை. எந்த இரும்பு, என்ன நிறம், எந்த எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதி வை. அந்த நோட்டை உலைக்குப் பக்கத்தில் வைக்காதே.