மூளை அறுவைக்கு முன் மாத்திரையை நிறுத்தலாமா?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் திருமழிசையிலோ பூந்தமல்லியிலோ ஒரு வீட்டில் மூளை அறுவைக்கு நாள் குறித்துவிட்டால், மாத்திரை பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவற்றில் சில உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: வெறும் வயிறு என்றால் காலை மாத்திரையும் கூடாது.

உண்மை: வலிப்பு மாத்திரையை அறுவை அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்வதே வழக்கம். ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். ஆனால் டாபாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும்.

நம்பிக்கை: தினமும் போடும் மாத்திரைக்கும் மயக்க மருந்துக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: ஃபெனிடாயின், கார்பமசெபின் நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு, தசையைத் தளர்த்தும் வெக்குரோனியம், ரொக்குரோனியம் ஊசிகளின் வேலை சீக்கிரமே தீர்ந்துவிடும். மண்டையோடு திறந்திருக்கும் நேரத்தில் நோயாளி ஒருமுறை இருமினாலும் மூளை புடைக்கும். அதனால்தான் மயக்க மருத்துவர் மணிக்கட்டு நரம்பில் லேசான மின்துடிப்பு கொடுத்து, கட்டைவிரல் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார்.

நம்பிக்கை: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நாமே நிறுத்திவிடலாம்.

உண்மை: மண்டையோட்டுக்குள் கசியும் ரத்தம் வெளியேற வழியில்லை, மூளையை அழுத்தும். ஆகவே குளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆனால் அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால், அது அடைத்து மாரடைப்பு வரலாம். இதய மருத்துவரையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

நம்பிக்கை: நாட்டு மருந்தையும் குடிப்பழக்கத்தையும் சொல்லத் தேவையில்லை.

உண்மை: பூண்டு கேப்ஸ்யூல், ஜின்கோ போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டலாம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், அதனாலேயே வலிப்பு வரலாம். மறைப்பதில் மானம் காப்பாற்றப்படுவதில்லை, உயிர்தான் பணயம்.

மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரையாக வெட்டி வாங்கினால் அட்டையில் பெயர் பாதி போயிருக்கும். 'வெள்ளை மாத்திரை' என்றால் எந்த மருத்துவருக்கும் புரியாது. முழு அட்டை, மருந்துச் சீட்டு, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.