ஒரு கிலோ வாயு எங்கே போயிற்று?

சென்ற கோடையில் ஒருநாள். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழே நண்பருக்காகக் காத்து நின்றேன். மொட்டை மாடியில் ஒரு பழைய குளிரூட்டியின் கம்ப்ரசரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் தம்பி ஸ்பானரால் செப்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினார். "உஸ்ஸ்" என்ற ஓசை கிளம்பியது. சில நிமிடங்கள் அது நிற்கவில்லை. அந்தச் சித்திரை வெயிலிலும் குழாயின் வாயில் வெண்பனி படர்ந்தது.

"எவ்வளவு இருந்திருக்கும் தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு கிலோ இருக்கும் சார். பயப்படாதீங்க, விஷமெல்லாம் இல்ல. காத்தோட போயிடும்."

அவர் சொன்னதில் தவறில்லை. அந்த வாயு நச்சுத்தன்மை அற்றதுதான். காற்றோடு போயிற்று என்பதும் உண்மையே. ஆனால் காற்றோடு போய் அது என்ன செய்கிறது? மாணவ நண்பர்களே, இதற்கு விடை தேடினால் நம் ஊர்ச் சாலையோரக் கடை ஒன்றிலிருந்து தென் துருவம் வரை செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அந்த வாயு பெட்டிக்குள் செய்யும் வேலையைப் பார்ப்போம். கையில் சிறிது ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிரூட்டியில் நடப்பதும் இதுவே. பழைய குளிரூட்டிகளில் உள்ள ஆர்-22 என்னும் பொருளின் கொதிநிலை, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. நட்டைத் தளர்த்தியதும் குழாயில் பனி படர்ந்ததன் காரணம் இப்போது புரியும். அறைக்குள் இருக்கும் சுருள் குழாயில் இது குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி வெளியே உள்ள சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தைக் கக்கித் திரவமாகிறது. பிறகு மெல்லிய கேபிலரிக் குழாய் வழியே மீண்டும் உள்ளே வருகிறது.

இந்தச் சுற்று எவ்வளவு வேகமானது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 1½ டன் குளிரூட்டி என்கிறோம். அது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பம் தேவையோ அந்த வீதத்தில் வெப்பத்தை அகற்றுவதே ஒரு டன் குளிர்ப்பு. அது சுமார் 3.5 கிலோவாட். ஆகவே 1½ டன் என்பது சுமார் 5.3 கிலோவாட், அதாவது நொடிக்கு 5.3 கிலோஜூல். ஒரு கிலோ ஆர்-22 ஒரு சுற்றில் ஏறக்குறைய 150 கிலோஜூல் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கும் எனக் கொள்வோம். 150ஐ 5.3ஆல் வகுத்தால் 28 நொடி. அந்த ஒரு கிலோ அரை நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்றும் சுற்றி வருகிறது! எட்டு மணி நேர இரவில் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள். அவ்வளவு சுற்றிய பிறகும் காலையில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல இது தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் புது வாயுவை நிரப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அடுத்த கோடையில் மெக்கானிக்கை மறுபடி அழைக்க வேண்டும். இதற்குள் நிரப்பியது முழுவதும் வானத்துக்குப் போயிருக்கும்.

வானத்தில் நடப்பது இரண்டு கதைகள். முதல் கதை பழையது. குளிர்பதனப் பெட்டிகளில் முன்பு அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களைப் பயன்படுத்தினர். 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் இவற்றுக்கு மாற்றாகக் குளோரோஃபுளூரோகார்பன்களைக் கண்டனர். எரியாது, நஞ்சில்லை, எதனோடும் எளிதில் வினைபுரியாது. இதைவிட நல்ல பொருள் வேறென்ன வேண்டும் என்று உலகம் எண்ணியது. வினைபுரியாத அந்தக் குணமே வினையாக முடிந்தது. கீழ்வளியில் எதனாலும் சிதையாததால் அது மெல்ல மெல்ல மேலேறி அடுக்கு மண்டலத்தை அடைந்தது. அங்கே கடுமையான புற ஊதாக் கதிர்கள் மூலக்கூற்றை உடைத்துக் குளோரின் அணுவை விடுவித்தன. ஒரு குளோரின் அணு தான் அழியாமலே சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கவல்லது. இதை 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எடுத்துச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1985இல் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஜோசப் ஃபார்மன் குழுவினர் ஓசோன் படலம் அங்கே பெருமளவு மெலிந்திருப்பதை வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பின்னால்தான் வருகிறது. குளிர்பதனப் பெட்டி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் சில. அவற்றின் வாயிலில் நின்று "இனி இந்த வாயு கூடாது" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் யார்? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பத்து கடையில், ஒரு சிலிண்டர், ஒரு கேஜ், ஒரு பற்றவைப்பு விளக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு தொழில் செய்பவர்கள். ஊருக்கு ஊர் சிதறிக் கிடப்பவர்கள். இவர்களைச் சேராமல் ஒப்பந்தம் வெற்றி பெற வழியில்லை. ஆகவே 1990களின் இறுதியில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு ஹைடெகார் என்னும் பயிற்சித் திட்டமும், பின்னர் அதைவிடப் பெரிய தேசியத் திட்டமும் இந்தச் சிறு கடைக்காரர்களுக்காகவே நடத்தப்பட்டன. கசிவைக் கண்டுபிடிப்பது, வாயுவை வெளியே விடாமல் சிலிண்டரில் திரும்பப் பிடிப்பது, புதிய வாயுக்களைக் கையாள்வது எல்லாம் கற்பிக்கப்பட்டன. 2010 தொடங்கியபோது இந்தியாவில் இவ்வாயுக்களின் பயன்பாடு, ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக்குப்பிகள் போன்ற மிகச் சில தேவைகள் நீங்கலாக, முடிவுக்கு வந்தது. இப்போதைய மதிப்பீட்டின்படி அண்டார்க்டிகாவின் ஓசோன் படலம் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது கதை இன்னும் முடியவில்லை. அதில்தான் மொட்டை மாடியில் நான் பார்த்த ஒரு கிலோ வருகிறது. ஆர்-22 ஓசோனைச் சிறிதளவே கெடுக்கும். பழைய வாயுவோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. பூமியின் வெப்பநிலையைச் சுமார் 300 கெல்வின் என்று கொண்டு வீன் விதியைப் பயன்படுத்துங்கள்: 2898ஐ 300ஆல் வகுத்தால் 9.7 மைக்ரான். பூமி வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் இந்த அலைநீளத்தின் அருகேதான் மிகுதியாக உள்ளது. நல்லவேளையாக, 8 முதல் 12 மைக்ரான் வரை நீராவியும் கரியமில வாயுவும் அதிகம் உறிஞ்சுவதில்லை. பூமி தன் வெப்பத்தை வெளியே அனுப்பத் திறந்து வைத்திருக்கும் ஜன்னல் அது. கார்பனும் ஃபுளூரினும் இணைந்த பிணைப்பு அதிர்ந்து உறிஞ்சுவதோ சரியாக இந்த ஜன்னலில்! மற்ற வாயுக்கள் சுவராக நிற்கும் இடத்தில் இன்னொரு செங்கல் வைத்தால் பெரிய மாற்றம் இராது. ஜன்னலில் திரை போட்டால் அறை புழுங்கும்.

அதனால்தான் ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், சுமார் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். 1,810ஐ 2.3ஆல் வகுத்தால் 787 லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அதை ஊற்றி ஓட்டினால் 39,350 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அன்று என் கண்ணெதிரே சில நிமிடங்களில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவந்த புகை வெளியேறிவிட்டது! வண்டிப் புகையென்றால் கண்ணில் படும், மூக்கில் ஏறும். இதற்கு நிறமுமில்லை, நெடியுமில்லை.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை என்று இந்தப் பகுதியில் கார், செல்போன், குளிர்பதனப் பெட்டி செய்யும் பெரிய ஆலைகளை எல்லாரும் அறிவர். அவற்றைச் சுற்றி இருக்கும் சிறு பட்டறைகளையும், விடுதிகளையும், உணவகங்களையும் குளிர்விக்கும் வேலை குளிர்சாதனக் கடைகளுடையது. சி.என்.சி. இயந்திரத்தின் மின் பலகைக்குக்கூட ஒரு சிறு குளிரூட்டி உண்டு. அது நின்றால் வேலை நிற்கும். "உடனே வா" என்று அழைப்பு வரும். இந்த அவசரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த செய்தியைப் படியுங்கள்.

கம்ப்ரசரை மாற்றிய பிறகு குழாய்க்குள் சாதாரணக் காற்று புகுந்திருக்கும். காற்றோடு ஈரமும் இருக்கும். ஈரம் இருந்தால் கேபிலரியின் நுண்துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும் ("சோக் ஆயிடுச்சு" என்பார்கள்). நாளடைவில் அமிலம் உண்டாகிக் கம்ப்ரசரின் கம்பிச் சுருளையும் அரிக்கும். இந்த ஈரத்தை வெளியேற்ற இரண்டு வழிகள். ஒன்று, சிலிண்டரைத் திறந்து வாயுவைக் குழாய்க்குள் பாய்ச்சி, காற்றையும் சேர்த்து மறுமுனை வழியே வெளியே துரத்துவது. அரை நிமிட வேலை. ஆனால் வாயு வீண்; ஈரமும் முழுவதும் போகாது. மற்றொன்று, வெற்றிடப் பம்பை மாட்டி அரை மணி நேரம் காத்திருப்பது.

பம்பு ஈரத்தை எப்படி எடுக்கிறது? ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில், கை பொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில், 60 டிகிரி அளவுள்ள வெந்நீரை மூன்று மில்லி உறிஞ்சுங்கள். காற்று சிறிதும் இல்லாமல் தள்ளிவிட்டு, வாயை இறுக அடைத்து, உலக்கையைப் பின்னால் இழுங்கள். நீர் குமிழியிட்டுக் கொதிக்கும்! சூடு ஏறவில்லை, அழுத்தம் இறங்கியது, அவ்வளவே. (வெந்நீரைப் பெரியவர் துணையோடு கையாளுங்கள்.) 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். குழாய்க்குள் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் உள்ளே ஒட்டிய நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிப் பம்பு வழியே வெளியேறிவிடும். நல்ல பம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறக்கும்.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு சிறு கடையில் இதை ஒழுங்காகச் செய்வதைப் பார்த்தேன். முதலில் உலர் நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்தி, பற்றவைத்த இடங்களில் சோப்பு நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தார் உரிமையாளர். பிறகு பம்பு. பிறகு சிலிண்டரை எடைத் தராசின்மேல் வைத்து, பெட்டியின் தகட்டில் எழுதிய அளவு மட்டும் நிரப்பினார். பழைய வாயுவைப் பிடிக்கத் தனிச் சிலிண்டரும் வைத்திருந்தார்.

"இப்படிச் செய்ய எவ்வளவு நேரம் அதிகம் ஆகும்?" என்றேன்.

"ஒண்ணரை மணி நேரம் கூடும் சார். அந்த நேரத்துல இன்னொரு வீட்டு வேலையே முடிச்சிடலாம். கஸ்டமர் ரெண்டு பேருக்கும் ஒரே கூலிதான் குடுப்பாங்க. ஆனா எனக்கு அதே வீட்டிலேருந்து மறு கம்ப்ளெயிண்ட் வர்றதில்ல." சிறிது நிறுத்தி, "பிடிச்ச கேஸைச் சுத்தம் பண்ணி வாங்கிக்க ஆள் பக்கத்துல கெடைச்சா நல்லா இருக்கும்" என்றார்.

பழியைக் கடைக்காரர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கூலியை நிர்ணயிக்கும் நாமும், பிடித்த வாயுவை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டியவர்களும் இதில் பங்காளிகள்தாம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்ப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியளிக்க இலக்கு வைத்தது.

வாயுக்களும் மாறி வருகின்றன. புதிய வீட்டுக் குளிரூட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32. அதன் சூடாக்கும் மதிப்பு 675. வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் வந்துவிட்டது. 2012இல் கோத்ரெஜ் நிறுவனம் புரோப்பேன் நிரப்பிய குளிரூட்டியை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அதன் மதிப்பு வெறும் மூன்று அளவே. அடுப்பு வாயுவின் உறவுக்காரனைப் படுக்கையறையில் வைப்பதா என்று அஞ்சலாம். கணக்குப் போடுவோம். 300 கிராம் புரோப்பேன் முழுவதும் கசிந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 170 லிட்டர். பத்தடி, பன்னிரண்டடி, பத்தடி உயரமுள்ள அறையின் பருமன் 34,000 லிட்டர். விகிதம் நூற்றுக்கு அரைப் பங்கு. புரோப்பேன் தீப்பற்ற நூற்றுக்கு 2.1 பங்காவது வேண்டும். எனினும் அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; தரையோரம் தேங்கினால் இந்தச் சராசரிக் கணக்கு உதவாது. குழாயில் வாயு இருக்கும்போதே பற்றவைப்பு விளக்கை நீட்டும் பழக்கம் ஆர்-22இல் மன்னிக்கப்பட்டிருக்கலாம், இதில் மன்னிக்கப்படாது.

உங்கள் வீட்டிலோ, பள்ளி அலுவலகத்திலோ உள்ள குளிரூட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் பொறித்திருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். ஆர்-22 என்றால் எடையை 1,810ஆலும், ஆர்-410ஏ என்றால் 2,088ஆலும், ஆர்-32 என்றால் 675ஆலும் பெருக்குங்கள். வந்த விடையை 2.3ஆல் வகுத்துப் பெட்ரோல் லிட்டராக்குங்கள். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது, "அண்ணே, கசிவு எங்கேன்னு பார்த்தீங்களா? பம்பு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்றால், அதற்கான கூலியையும் வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.